கையெழுத்து வேண்டாம், கதைக்கிறன்

இறுதியாண்டு ஆய்வுக்குக் களத்துக்குப் போற எங்களிட்ட ஒரு ஒப்புதல் படிவம் தந்துவிடுவினம். ஆய்வின் நோக்கம், பெயர் மறைக்கப்படும், எந்த நேரத்திலும் விலகலாம் என்று மூன்று பந்தி. கீழே கையெழுத்து, திகதி. கதைக்கிறவரைப் பாதுகாக்கத்தான் அது. ஆனால் முல்லைத்தீவில் நான் போன வீடுகளில் அந்தத் தாளை வெளியில எடுத்ததும் கதை நின்றுவிடும்.

என் தலைப்பு பெண்களின் நுண்நிதிக் கடன். குழுவாக எடுக்கிற லோனில் ஒருத்தி கிழமைக்காசு கட்டாவிட்டால், பிணைக்குக் கையெழுத்து வைத்த மற்றவர்கள் கட்டவேணும். இது ஒரு பக்கம். மற்றப் பக்கம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, பிறகு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒரே விபரத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் குடுத்தவை. அந்த ஊருக்குள்ளதான் நாங்களும் ஒரு கோப்போடு போறம். முறையியல் பாடத்தில் 'நம்பிக்கையைக் கட்டியெழுப்புதல்' என்று ஒரு தலைப்பு இருக்கு. எங்களுக்குக் கிடைத்த காலம் மூன்று கிழமை!

"இதில வைச்சா என்ன கிடைக்கும் பிள்ளை?"

"ஒண்டும் கிடைக்காது அன்ரி."

"வைக்காட்டி?"

"அதுக்கும் ஒண்டுமில்லை. விரும்பின நேரம் விலகலாம்."

அவ சிரிச்சிட்டா. "லோன் தாளிலயும் இப்படி ஒரு வரி போட்டிருக்கலாம். கையெழுத்து வேண்டாம், கதைக்கிறன்."

இரண்டு மணித்தியாலம் கதைத்தா. வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்தால் போதும் என்று என் மேற்பார்வையாளர் ஏற்றுக்கொண்டார். வேறு துறையில் படிக்கிற சிநேகிதிக்கு அது சரிவரேல்ல. கையெழுத்தில்லாத ஆறு நேர்காணல்களை விடச் சொல்லிட்டினம். மிஞ்சினது ஆரின்ர கதை? படிவம் நிரப்பிப் பழகின சங்கத் தலைவிமார், இளைப்பாறிய ரீச்சர்மார். அவையின்ர கதைதான் 'சமூகத்தின் குரல்' என்று பைண்ட் பண்ணி நூலகத்துக்குப் போகுது. பயந்து கையெழுத்து வைக்காத ஆக்களுக்குத்தான் சொல்ல நிறைய இருந்தது என்று அவள் இன்னும் புறுபுறுக்கிறாள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுது.

அன்ரி என்னிட்ட ஒரேயொரு நிபந்தனை போட்டா. எழுதினதைக் கொண்டுவந்து வாசிச்சுக் காட்டவேணும். "காசுக் கணக்கு பிழைச்சிருந்தா நான் திருத்தித் தாறன்." வைவாவுக்கு முதல் ஒருக்காப் போகவேணும்.