தீட்டை எந்த அலகில் அளப்பது?

"பிசிக்ஸ் படித்து நாங்கள் என்ன செய்யப் போகிறோம்?" எங்கள் மாலைப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிற கேள்வி இது. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள காலனிகளிலிருந்து வருகிறவர்கள். பல வீடுகளில் கூலி வேலை, சில வீடுகளில் கூலி நெசவு. பத்தாம் வகுப்பு முடித்ததும், "உங்களுக்கெல்லாம் அது வராது, வேற குரூப் எடு" என்று சொல்ல யாராவது ஒருவர் இருக்கிறார். எங்களில் பலரும் அதே வார்த்தையைக் கேட்டு வந்தவர்கள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம், தோழர்களே.

நம் ஊர்ச் சரிகையிலிருந்தே தொடங்கலாம். சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசினால் அது அசல் சரிகை. முன்பெல்லாம் சரிகையைச் சுரண்டிப் பார்ப்பார்கள்; உள்ளே சிவப்பு தெரிந்தால் அசல் என்பார்கள். போலி செய்கிறவரும் நூலுக்குச் சிவப்புச் சாயம் போடலாம் அல்லவா? இன்று எக்ஸ் கதிர் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். கதிர் பட்டதும் அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேறுகிறது. காலியான அந்த இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் இறங்குகிறது. இறங்கும்போது அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலோடு ஓர் எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது. செம்பு என்றால் சுமார் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட், வெள்ளி என்றால் சுமார் 22. சேலையை வெட்டாமல், உருக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. எந்தத் தெருக்காரர் நெய்தார், எந்தக் கடைக்காரர் விற்கிறார் என்பது கருவிக்குத் தேவையில்லை.

இது எப்படிச் சாத்தியமானது? 1913இல் மோஸ்லி என்ற இளைஞர் தனிமங்களை வரிசையாகச் சோதித்து, இந்த ஆற்றலுக்கும் அணு எண்ணுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தார். அந்த உறவை வைத்து, அன்றுவரை யாரும் பார்த்திராத தனிமங்களுக்கான காலி இடங்களையும் அவரால் சுட்டிக்காட்ட முடிந்தது. அந்த இடங்களுக்குரிய தனிமங்கள் பின்னால் கிடைத்தன. "அது வெறும் தியரிதானே" என்று நம் ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அறிவியலில் கோட்பாடு என்பது ஊகம் அல்ல. நடந்ததை விளக்க வேண்டும். இனி என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொன்னது நடக்காவிட்டால் தோற்றுப்போகத் தயாராக இருக்க வேண்டும்.

இதே ஒளியின் மொழியை விண்மீன்களிடம் பேசவைத்தவர் மேக்நாத் சாஹா. 1893இல் டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில், சிறிய கடை நடத்திய ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட சாதி அல்ல. ஆனால் மேல்சாதியினர் தாழ்வாகவே நடத்திய சாதி. கல்கத்தாவில் படித்தபோது, விடுதியில் அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மேல்சாதி மாணவர்கள் மறுத்தார்கள். அந்த மாணவர்தான் 1920இல் அயனியாக்கச் சமன்பாட்டை வெளியிட்டார்.

அன்று வானியலாளர்களுக்கு ஒரு புதிர் இருந்தது. விண்மீனுக்கு விண்மீன் நிறமாலைக் கோடுகள் மாறுகின்றன. ஒன்றில் ஹைட்ரஜன் கோடு அழுத்தமாக இருக்கிறது, இன்னொன்றில் கால்சியம். அப்படியானால் ஒவ்வொரு விண்மீனும் வெவ்வேறு பொருளால் ஆனதா? சாஹாவின் சமன்பாடு வேறு விடை தந்தது. வெப்பமும் அழுத்தமும் மாறினால், அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும் அளவு மாறுகிறது, கோடுகளும் மாறுகின்றன. வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் பொருள் அல்ல, சூழல். அந்தச் சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று 1925இல் காட்டினார் சிசிலியா பெய்ன். பெண்களுக்குப் பட்டம் தராத கேம்பிரிட்ஜிலிருந்து அமெரிக்கா போனவர் அவர். அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று துறையின் பெரியவரான ரஸ்ஸல் கருத்துச் சொன்னார். அதற்காகத் தன் ஆய்வேட்டிலேயே பெய்ன் முடிவின் வேகத்தைக் குறைத்து எழுத வேண்டியிருந்தது. 1929இல் ரஸ்ஸலே தன் சொந்தக் கணக்கின் வழியாக அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

இந்த இரண்டு கதையையும் சேர்த்துப் படியுங்கள். அறிவியல் செய்கிற இடங்களில் சாதியும் உண்டு, ஆணாதிக்கமும் உண்டு. ஆனால் கடைசியில் பெரியவரின் பேச்சு நிற்கவில்லை, அளவீடு நின்றது.

இப்போது தீட்டுக்கு வருவோம். தீட்டும் உலகத்தைப் பற்றிய ஒரு கூற்றுதான். இன்னார் தொட்டால் தண்ணீர் கெடும், இன்னார் நுழைந்தால் கருவறை கெடும் என்கிறது. சரி, எந்த அலகில் அளப்பது? எந்தக் கருவியில் தெரியும்? இயற்பியல் 'தொடுதலை' விளக்குகிறது: ஒரு பொருளின் எலக்ட்ரான்களும் இன்னொன்றின் எலக்ட்ரான்களும் நெருங்கும்போது விலக்குகின்றன. அந்த விலக்குவிசையைத்தான் விரல் 'தொட்டேன்' என்று உணர்கிறது. அந்தக் கணக்கில் சாதிக்கு ஓர் எழுத்துகூட இல்லை.

1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். ஆயிரக்கணக்கான நம் மக்களும் அருந்தினார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. தீட்டு அறிவியல் கோட்பாடாக இருந்திருந்தால் அன்றோடு தோற்றிருக்க வேண்டும். சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? அடித்தார்கள். பிறகு மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்து குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். சோதனையில் தோற்ற பிறகும் ஒரு கூற்று உயிரோடு இருந்தால், அதைக் காப்பாற்றுவது உண்மை அல்ல, அதிகாரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இயற்பியல் சமத்துவத்தை நிரூபித்துவிட்டது என்று மேடையில் முழங்காதீர்கள். எலக்ட்ரானுக்கு நீதியும் தெரியாது, அநீதியும் தெரியாது. கோர்வைத் தறியில் எதிர்ப்பக்க நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அந்த இடத்தில் குழந்தைகளை உட்காரவைத்தார்கள். காஞ்சிபுரம் உட்படப் பட்டுத் தொழிலில் இருந்த கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் விரிவான அறிக்கை வெளியிட்டது. சரிகையில் எவ்வளவு வெள்ளி என்று கருவி சொல்லும். அதை நெய்த பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று சொல்லாது. அதைக் கேட்பது நம் வேலை. சமத்துவம் நாம் எடுக்கிற அரசியல் முடிவு. ஏற்றத்தாழ்வை 'இயற்கை' என்று சொல்கிறவர்களின் பொய்யை உடைக்கத்தான் இயற்பியல் உதவும்.

இன்னொரு பொய்யும் உண்டு: "எல்லாம் நம் வேதத்திலேயே இருக்கிறது." டாக்காவில் ஒரு வழக்கறிஞர் சாஹாவிடமே இதைச் சொன்னார். எந்தப் பகுதியில் என்று சாஹா கேட்டார். தான் வேதம் படித்ததில்லை என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சாஹா அதோடு விடாமல் பழைய நூல்களைத் தேடிப் படித்து, அப்படி எதுவும் அங்கே இல்லை என்று எழுதினார். பின்னாளில் 1952இல் தேர்தலில் நின்று மக்களவைக்கும் போனார். அறிவியலாளர் அரசியல் பேசக்கூடாது என்கிறவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள்.

ரோகித் வெமுலா கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பினார். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். மனிதர்கள் விண்மீன் துகளால் ஆனவர்கள் என்று அவர் கடைசியாக எழுதியது வெறும் கவிதை அல்ல. நம் எலும்பின் கால்சியமும் ரத்தத்தின் இரும்பும் விண்மீன்களில் உருவானவை. விண்மீனில் என்ன இருக்கிறது என்று படிக்கக் கற்றுத்தந்த கணக்கு, விடுதியில் தனியாக உட்காரவைக்கப்பட்ட ஒருவருடையது. ரோகித் எழுத நினைத்த புத்தகங்கள் இன்னும் எழுதப்படாமல் கிடக்கின்றன.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, பிசிக்ஸ் குரூப் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் எங்களிடம் சொல்லுங்கள், கூட வந்து பேசுகிறோம். அதுவரை ஒரு பழைய சிடியை எடுத்து, குண்டு பல்பின் ஒளியையும் சிஎஃப்எல் ஒளியையும் அதில் சாய்த்துப் பாருங்கள். ஒன்றில் நிறங்கள் தொடர்ச்சியாக வரும்; மற்றொன்றில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். ஏன் என்று யோசியுங்கள். பரம்பரை என்றும் இயற்கை என்றும் யாராவது உங்களிடம் ஒன்றைச் சொன்னால், ஒரே கேள்வி கேளுங்கள்: "நீங்கள் சொல்வது தவறாக இருந்தால், அது எப்படித் தெரியவரும்?"