மண்ணறிந்து ஓடும் வண்டி

நுங்கு தின்ற பனங்காய் இரண்டைக் குச்சியில் கோத்துத் தெருவெல்லாம் ஓட்டியது நம் பாட்டனார் காலம். கையில் ஒரு சிறு கருவியை ஏந்தி, வானொலி அலையால் வண்டியைச் செலுத்துவது நம் பிள்ளைகளின் காலம். பொருள் மாறினும் ஆவல் மாறவில்லை. இவ்வண்டிகளுள் ஒரு வகை விளையாட்டுப் பொருள் என்னும் நிலையைக் கடந்து, பொறியியல் கற்பிக்கும் ஆசானாகவே விளங்குகின்றது. மேடுபள்ளமான மண்ணில் மின்விசையால் விரையும் 'பக்கி' என்னும் பந்தய வண்டியே அது. எங்கள் இல்லத்தில் அது கற்பித்ததை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

இவ்வண்டி மெய்யான காரின் பத்தில் ஒரு பங்கு அளவுடையது. எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. இதன் வரலாற்றில் 1984 சிறந்த ஆண்டாகும். அவ்வாண்டில் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம், ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்த ஆர்.சி.10 என்னும் வண்டியை வெளியிட்டது. அலுமினிய அடித்தளமும் எண்ணெய் நிறைந்த அதிர்வுத் தாங்கிகளும் அதன் சிறப்புகள். மறு ஆண்டே கலிபோர்னியாவின் டெல் மாரில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 1987-இல் இங்கிலாந்தின் ராம்சியில் நடந்த போட்டியில், நான்கு சக்கர இயக்கப் பிரிவில் ஜப்பானியராகிய மசாமி ஹிரோசாகா வாகை சூடினார். அவர் தம் வாழ்நாளில் பெற்ற உலகப் பட்டங்கள் 14. அன்று அவர் ஓட்டிய வண்டி பிரிட்டனின் ஷூமேக்கர் நிறுவனத்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவரோ, பெரிய பந்தயக் கார்களுக்கு எஞ்சின் செய்யும் காஸ்வொர்த் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். சிறு வண்டியின் பின்னே நின்ற அறிவு சிறிதன்று என்பதற்கு இதுவே சான்று.

எங்கள் ஊராகிய காந்தலூர் அஞ்சுநாட்டு ஊர்களுள் ஒன்று. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மலையின் மழைமறைவுப் பக்கத்தில் அமைந்தது. படிப்படியான வயல்களில் பூண்டும் காய்கறியும் விளைகின்றன. பூண்டு எடுத்த ஒரு வயலில், பழைய பாசனக் குழாய்களை வளைத்துப் போட்டு எல்லை வகுத்து, மண்ணைக் குவித்து மேடு அமைத்து, எங்கள் மகன் ஓட்டப்பாதை ஒன்றை உருவாக்கினான். சமவெளி நகர் ஒன்றில் நடக்கவிருந்த போட்டியில் கலந்துகொள்வது அவன் கனவு.

அவ்வாண்டு பூண்டு விலை சரிந்திருந்தது. அவனுடைய வண்டியோ பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் வகையைச் சேர்ந்தது. வளைவுகளில் வழுக்கிற்று, மேடு தாண்டி விழும்போதெல்லாம் கவிழ்ந்தது. "வலுவான மோட்டார் வேண்டும், இல்லையேல் போட்டிக்கே போகமாட்டேன்" என்றான். மோட்டார் மட்டும் வாங்கினால் போதாது; அதன் மின்னோட்டத்தைத் தாங்கும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கவேண்டும். எங்களிடம் இருந்ததோ அடுத்த பருவத்து விதைப்பூண்டுக்கென ஒதுக்கிய பணம். அதைத் தொட்டால் வயல் தரிசாகும். தொடாவிட்டால் பிள்ளையின் மனம் தரிசாகும். இரண்டும் எங்களுக்கு உரியவையே.

வழி காட்டியவர் வீட்டிலிருந்த பெரியவர். இளமையில் மாட்டுவண்டி ஓட்டியவர் அவர். வண்டி ஓடுவதைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஏம்ப்பா, இதிலே முன்பாரமா, பின்பாரமா?" என்று பேரனைக் கேட்டார். பையன் விழித்தான். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். பாரம் ஏற்றத் தெரியாதவனுக்கு எத்தகைய மாடு வாய்த்தும் பயனில்லை என்று அவர் விளக்கினார். அந்த ஒரு கேள்வியிலிருந்து எங்கள் வேலை தொடங்கிற்று.

பந்தய வண்டியில் மிக்க பாரம் உடையவை மோட்டாரும் மின்கலமும். வழுக்கும் புழுதி மண்ணில் பாரம் பின்னே இருந்தால் உந்தும் சக்கரம் மண்ணைப் பற்றும். ஆனால் அளவு மீறினால் முன்சக்கரம் இலேசாகித் திரும்ப மறுக்கும். பிடிப்பு மிகுந்த களங்களில் மோட்டாரைப் பின்னச்சுக்கு முன்னே வைக்கும் வண்டிகள் இக்காலத்தில் பெருகியதற்கும் காரணம் இதுவே. எங்கள் வண்டியில் மின்கலத்தைப் பஞ்சுத்துண்டு வைத்து முன்னும் பின்னும் நகர்த்த இடமிருந்தது. ஒரு விரல் அகலம் பின்னே தள்ளியதும் புறப்பாட்டில் சக்கரம் வீணே சுழல்வது குறைந்தது.

அடுத்தது டயர். மோட்டார் எவ்வளவு வலியதாயினும் அவ்வலிமை மண்ணைச் சேர்வது நான்கு டயர்களின் வழியாகவே. தளர்ந்த புழுதிக்கு உயர்ந்த முட்களும், இறுகிய மண்ணுக்குத் தாழ்ந்த முட்களும் ஏற்றவை. பழைய டயரின் முட்கள் தேய்ந்திருந்தன. ஒரு சோடிப் பின் டயர் மட்டும் வாங்கினோம். மோட்டாருக்கு ஆகும் தொகையில் அது ஒரு சிறு பங்கே.

பின்னர், தரைக்கும் அடித்தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். இடப்பக்கம் ஓரளவும் வலப்பக்கம் வேறோர் அளவுமாக இருந்தது. வண்டி ஒரு பக்கமாகவே கவிழ்ந்ததன் காரணம் விளங்கிற்று. சுருள்வில்லின் திருகைச் சரிசெய்து இருபுறமும் 22 மில்லிமீட்டர் ஆக்கினோம்.

அதிர்வுத் தாங்கியின் நுட்பம் இன்னும் இனியது. உள்ளே சிலிக்கோன் எண்ணெய் இருக்கின்றது. சிறு துளைகளையுடைய தட்டு ஒன்று அதனூடே ஏறி இறங்குகின்றது. எண்ணெய் மெலிதானால் வண்டி விழும்போது அடித்தளம் தரையில் அறையும். தடித்தால் சிறு குழிகளில் சக்கரம் மண்ணைவிட்டுத் துள்ளும். குளிரில் எண்ணெய் இறுகும், வெயிலில் இளகும். ஆதலின் காந்தலூர்க் காலைக்குப் பொருந்திய எண்ணெய் சமவெளியின் நண்பகலுக்குப் பொருந்தாது. போட்டிக்குப் புறப்படும் முன், ஒரு படி தடித்த எண்ணெயை மாற்றி நிரப்பினோம்.

மேடு தாண்டும் கலையும் உண்டு. வண்டி வானில் இருக்கும்போது விசையைக் கூட்டினால், பின்சக்கரங்கள் விரைந்து சுழல, அதன் எதிர்விளைவாக மூக்கு உயரும். தடை போட்டால் மூக்குத் தாழும். பள்ளிப் புத்தகத்தில் படித்த எதிர்விளைவு விதியைப் பிள்ளை தன் விரல் நுனியில் உணர்ந்தான். அதன்பின் கவிழ்தல் அரிதாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகே மோட்டாரின் பக்கம் போனோம். அதன் அச்சிலுள்ள சிறு பல்சக்கரத்தில் ஒரு பல் கூடியதை மாட்டினால் உச்ச வேகம் ஏறும். சூடும் உடன் ஏறும். மிகுந்த சூடு மோட்டாரின் காந்தத்தை நலியச் செய்யும். ஆகவே ஒரு பல் கூட்டி, ஐந்து நிமிடம் ஓட்டி, வெப்பத்தை அளந்து, அளவோடு நிறுத்தினோம்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவது என்பது எங்கள் விதி. இரண்டை மாற்றினால் பயன் எதனால் வந்தது என்று அறிய இயலாது. ஒவ்வொரு மாற்றத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் மகன் குறிப்பேட்டில் எழுதினான். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் அவன், இதைத் தமிழிலேயே எழுதினான். பெரியவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமல்லவா? 'முன்பாரம்', 'பின்பாரம்' என்னும் சொற்கள் அக்குறிப்பேட்டில் பல பக்கங்களில் உள்ளன. தொடக்கத்தில் ஐந்து நிமிடத்தில் 9 சுற்று ஓடிய வண்டி, அதே மோட்டாருடன் 12 சுற்று ஓடிற்று.

போட்டியில் பத்து வண்டிகளுக்கு இடையே அது நான்காவதாக வந்தது. முதலில் வந்த வண்டி எல்லா வகையிலும் மேலானது; அதன் வெற்றி தகும். ஆயினும் எங்கள் வண்டியை விட வலிய மோட்டார் பூண்ட சில, வளைவுதோறும் கவிழ்ந்து பின்தங்கின. மகன் பரிசின்றித் திரும்பினான், வருத்தமின்றித் திரும்பினான். விதைப்பூண்டும் உரிய காலத்தில் மண்ணில் விழுந்தது.

இவ்விளையாட்டில் பிள்ளைகளை ஈடுபடுத்தும் பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இதில் பயன்படும் லித்தியம் பாலிமர் மின்கலம் 7.4 வோல்ட்டு அளவினது. முழுதும் மின்னேற்றினால் 8.4. அதற்கெனவே செய்த கருவியால், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போதுதான் மின்னேற்ற வேண்டும். உப்பிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது, தீப்பற்றும்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு, பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்னும் தவிப்பு சற்று மிகுதி. நம்மிடம் இல்லாததை எண்ணி நாணுகின்றோம். வாங்கித் தர இயலாதபோதும், உடன் அமர்ந்து அளக்கவும் ஆராயவும் நம்மால் இயலும். பெரியவர்களையும் அவ்விடத்தில் அமர்த்துங்கள். அவர்களிடம் கேட்கத்தக்க கேள்விகள் இன்னும் உள்ளன.