தெரு அப்படியேதான் இருக்கிறது

நம் ஊரில் ‘சிட்டா’ என்றால் நில ஆவணம். கள ஆய்வுக்காகப் பஞ்சாபுக்கு வந்த முதல் வாரத்தில்தான் அச்சொல்லின் மற்றொரு பொருளை அறிந்தேன். பஞ்சாபியில் அது வெண்மை, பேச்சுவழக்கில் ஹெராயின்.

கிராமங்களில் எனக்கு மொழிபெயர்ப்பாளனாக உடன்வந்த இளைஞன் அதற்கு ஆட்பட்டிருந்தான். மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதங்கள் இருந்து வீடு திரும்பிய அன்று தொலைபேசியில் அழைத்தான். “இனி உனக்குப் பயமில்லை” என்றேன் அரைகுறை இந்தியில். “தெரு அப்படியேதான் இருக்கிறது, பாஜி” என்றான். அதை நான் செவியில் வாங்கினேன், மனத்தில் வாங்கவில்லை. பத்தொன்பதாம் நாள், தன் பழைய அளவையே எடுத்துக்கொண்டு இறந்துபோனான்.

துக்கத்துக்கு வந்தவர்கள், “மனவுறுதி இல்லாதவன்” என்றார்கள். மனவுறுதியை அளக்க எனக்குத் தெரியாது. நான் படித்திருந்தவை வேறு. பயன்பாட்டை நிறுத்திய நாள்களில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. முன்பு தாங்கிய அளவே பின்னர் மூச்சை நிறுத்திவிடும். ஆகவே சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ வெளிவரும் முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. வேட்கையும் நாளுக்கு நாள் சீராகத் தணிவதில்லை. ஹெராயினுக்குப் பழக்கப்பட்ட எலிகளில், நிறுத்திய மறுநாளைவிடச் சில வாரங்கள் கழித்தே நாட்டம் மிகுந்திருந்தது.

போதைச் சார்புக்கான வாய்ப்பில் ஏறத்தாழப் பாதியை மரபுக்கு உரியதாக இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் மரபு மட்டுமே விதியாகிவிடுவதில்லை. வியட்நாமில் பணியாற்றி 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். அங்கிருந்தபோது ஐந்தில் ஒருவர் ஓபியப் பொருள்களைச் சார்ந்திருந்தனர். அவர்களுள் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் சார்புற்றோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் போதையோடு பிணைந்திருந்த இடம் கடலுக்கு அப்பால் தங்கிவிட்டது. என் தம்பி போன்றவனோ சிகிச்சை முடிந்து அதே இடத்துக்குத்தான் திரும்பினான்.

இவை அனைத்தையும் நான் அறிந்திருந்தேன். என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் மேற்கோள்களுடன் எழுதியுமிருந்தேன். அவனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இப்போது மையத்திலிருந்து வீடு திரும்பும் எவரிடமும் ‘பயமில்லை’ என்று நான் சொல்வதில்லை. முதல் மாதம் நாள்தோறும் அழைக்கிறேன். தெரு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன்.