தொண்டையும் தொழிலும்

1985ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் மயிலாடியிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. அவ்வூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியர் பணி நமக்கு அளிக்கப்பட்டிருப்பதாகவும், ஜூன் 3, திங்கட்கிழமையன்று வந்து பொறுப்பேற்க வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. வாப்பா மௌத்தாகி அப்போது நான்காண்டுகள் ஆகியிருந்தன. மணமாகாத தங்கையர் இருவர். நாகர்கோவிலில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் மணிக் கணக்குக்கு நாம் பெற்று வந்த சிறு தொகையே குடும்பத்தின் ஆதாரம். கடிதத்தைப் படித்துக் காட்டியதும் உம்மா ஒளுச் செய்து வந்து, இரண்டு ரக்அத் நஃபில் தொழுதார்கள்.

நம் வீடு இடலாக்குடியில். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) பிறந்த ஊர் அது. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் அப்பெருமகனார் சதாவதானம் நிகழ்த்தியபோது ஒலிபெருக்கி என்ற ஒன்று உலகில் புழக்கத்திற்கு வந்திருக்கவில்லை. தொண்டையை நம்பியே புலமை அரங்கேறிய காலம். அத்தெருக்களில் வளர்ந்து தமிழாசிரியராகப் போகும் நமக்கோ, அந்தத் தொண்டைதான் பகையாக இருந்தது.

முந்தைய பன்னிரண்டு மாதங்களில் எட்டு முறை தொண்டை வீங்கிக் காய்ச்சல் கண்டோம். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நாட்கள் எச்சில் விழுங்கவும் இயலாது. வகுப்புக்குப் போகாத நாளுக்குக் கூலியும் கிடையாது. ‘உள்நாக்கு வளர்ந்திருக்கிறது’ என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அது தவறு. உள்நாக்கு நடுவே தொங்குவது. வீங்குவது அதன் இருபுறமும் உள்ள டான்சில் சதை. ஓராண்டில் ஏழு முறையோ, இரண்டாண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு ஐந்து முறையோ, மூன்றாண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறையோ கடுமையாக வந்தால் அதனை அகற்றலாம் என்பது பல நாட்டு மருத்துவர்களும் வழிகாட்டியாகக் கொள்ளும் கணக்கு. நம் கணக்கு அதனையும் தாண்டியிருந்தது. “வேலையில் சேர்ந்த பின் விடுப்புக் கேட்பீர்களா? இப்போதே எடுத்துவிடுங்கள். ஆனால் வயது வந்தவர்களுக்குக் குழந்தைகளைப் போல எளிதில் ஆறாது, இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்” என்றார் மருத்துவர்.

“சின்னப் புள்ளையளுக்குச் செய்யறத இந்த வயசுலயா மக்கா செய்யணும்?” என்று உம்மா கண் கலங்கினார்கள். மாதுளந்தோட்டைக் காய்ச்சிக் கொப்பளித்தால் போதுமென்பது அவர்கள் கட்சி. நாமும் அதனைப் பாட்டி வைத்தியமென்று எண்ணிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அறியாமையால் வந்தது என்பது பின்னரே தெரிந்தது. குர்துபாவில் வாழ்ந்து 1013ஆம் ஆண்டில் மறைந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் தமது முப்பது பகுதி நூலின் இறுதிப் பகுதியில் இந்தச் சிகிச்சையை விளக்கியிருக்கிறார். நோயாளியை வெயிலுக்கு எதிரே அமர்த்தி, நாக்கைத் தகடு போன்ற கருவியால் அழுத்தி, சதையைக் கொக்கியால் இழுத்துப் பிடித்து, கத்தரிக்கோல் போன்ற கருவியால் வெட்டச் சொல்கிறார். இரத்தம் கசிந்தால் எதனால் கொப்பளிப்பது? அவர் குறிக்கும் துவர்ப்புப் பொருள்களுள் மாதுளந்தோடும் ஒன்று! உம்மா அந்நூலைக் கண்டவர்களல்லர், பெயரைக் கேட்டவர்களுமல்லர்.

மே மாதத்தின் நடுவில் நாகர்கோவில் மருத்துவமனையொன்றில் சிகிச்சை நடந்தது. மயக்க மருந்தின் பயனால் அதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஏதுமில்லை. விழித்த பின்னரே துன்பம் தொடங்கிற்று. மூன்றாம் நாளுக்கு மேல் வலி தணியுமென்று நினைத்தோம், ஏறிற்று. தொண்டையை அறுத்திருக்கக் காது வலிப்பானேன் என்று சிலேட்டில் எழுதிக் கேட்டோம். தொண்டைக்கும் காதுக்கும் உணர்வைக் கொண்டு செல்லும் நரம்பு ஒன்றே என்றார் மருத்துவர். நொய்க்கஞ்சியையும் இளநீரையும் கண்ணீரோடு விழுங்கினோம். விழுங்காமலிருந்தால் புண் இன்னும் தாமதமாக ஆறும் என்பது கண்டிப்பான உத்தரவு.

பார்க்க வந்த கணித ஆசிரிய நண்பர் ஒருவர், பேச முடியாத நம்மிடம் தொண்டைக் கதையே சொன்னார். நம் மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டுகள் பணியாற்றிய டாக்டர் சாமர்வெல், 1924இல் எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறித் தொண்டைத் துன்பத்தால் நின்றுவிட்டவர். இறங்கும் வழியில், கடுங்குளிரில் கெட்டுப்போன குரல்வளையின் உட்சவ்வு பெயர்ந்து மூச்சை அடைத்துக்கொண்டதாம். கூப்பிடக் குரலில்லை. சாவை எதிர்பார்த்துப் பனியில் உட்கார்ந்தவர், இரு கைகளாலும் மார்பை அழுத்தி ஒரு முறை இருமவே, அடைப்பு வெளிவந்தது. நெய்யூர் மக்களுக்கு அதன் பிறகு எத்தனை ஆண்டுகள் அந்தக் கைகள் உழைத்தன! படுத்திருந்த நமக்கு நம் வலி சற்றுச் சிறுத்தது. அன்று இரவே மீண்டும் பெருத்தது.

எட்டாம் நாள் இரவு. ரமலான் பிறை தென்பட்டு, முதல் ஸஹருக்காகத் தெருவில் பக்கீர்சாவின் தப்ஸ் ஒலி கேட்டது. தங்கையர் அடுக்களையில் இருந்தனர். வாயில் ஏதோ உப்புக் கரித்தது. துப்பினோம், இரத்தம். மீண்டும் துப்பினோம்; நிற்கவில்லை. புண்ணின் பொருக்கு உதிரும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இவ்வாறு நேர்வதுண்டு, நேர்ந்தால் ஒரு நொடியும் வீட்டில் இருக்கலாகாது என்று மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். அண்டை வீட்டார் ஸஹர் உணவை விட்டெழுந்து வாடகைக் கார் பிடித்தனர். உறைந்த கட்டியை அகற்றி, மருந்து நனைத்த பஞ்சினை வைத்து அழுத்திப் பிடிக்கவே இரத்தம் நின்றது. திரும்பியபோது விடிந்திருந்தது. உம்மா ஒன்றும் உண்ணாமலே நிய்யத்து வைத்திருந்தார்கள்.

இனி ஜூன் மாத நடுப்பகுதி வரை உரக்கப் பேசலாகாது என்று கட்டளை பிறந்தது. பள்ளி திறப்பதோ மூன்றாம் தேதி. உறவினர் ஒருவர், “வாயைத் திறக்காதே. நோயாளி என்று தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்” என்று அறிவுரை கூறினார். அவர் சொன்னதிலும் நியாயமிருந்தது. தங்கையரின் முகங்கள் கண் முன் நின்றன. இரண்டு இரவுகள் உறக்கமில்லை. குரலால் செய்யும் வேலைக்குக் குரலில்லை என்பதை மறைத்துச் சேர்ந்தால், முதல் மாதச் சம்பளம் எப்படி நமக்கு ஆகுமாகும்? நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, மே மாதக் கடைசியில் மயிலாடிக்குப் பேருந்து ஏறினோம்.

சுசீந்திரத்தைக் கடந்து மயிலாடியில் இறங்கியதும் உளியோசை எதிர்கொண்டது. சாலையோரக் கொட்டகைகளில் கற்சிற்பிகள் அமர்ந்திருக்க, கல்தூள் அவர்கள் புருவத்திலும் படிந்திருந்தது. அந்தத் தூசியை அன்றாடம் சுவாசிப்போர் நுரையீரல் என்னாகுமோ என்று நினைத்தபடியே நனைந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு நடந்தோம். தலைமையாசிரியர் கடிதத்தை இரு முறை படித்தார். நமக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. “நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள். பையன்கள் படிக்கட்டும். அவர்களுக்கும் நாக்குத் திருந்தும்” என்று சொல்லித் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார்.

முதல் நாள் ஐம்பது மாணவர் முன் நின்று, ஒரு சொல்லும் பேசாமல் பாடத்தலைப்பை எழுதினோம். சிரிப்பு எழுந்து அடங்கிற்று. சிற்பியின் மகனொருவன் எழுந்து படித்தான். கொட்டகைகளின் உளியோசைக்கு மேலே கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது. ழகரம் மட்டும் உதைத்தது. சாக்கட்டியால் அந்த எழுத்தைப் பெரிதாக எழுதித் தட்டினோம். அவன் மீண்டும் சொன்னான். இரண்டு வாரங்கள் அப்படியே சென்றன.

குரல் திரும்பியது, முன்னைவிடச் சற்றுக் கனத்து. அந்த ரமலானில் நமக்குப் பதின்மூன்று நோன்புகள் விடுபட்டிருந்தன. ஐப்பசி மழையில் அவற்றைக் களாச் செய்தோம். தமக்குக் கடன் ஒன்றும் இல்லாதிருந்தும், பதின்மூன்று நாளும் உம்மா நம்மோடு நோன்பிருந்தார்கள்.