‘ஆன’ எழுதும் பிள்ளைகள்

கேரளத்துச் சின்னக்கானலில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத ஆசைப்படும் முதல் சொல் யானை. ஆசைப்படாமல் எப்படி? போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, ஆனையிறங்கல் அணையோரமாக வரும் வழியெல்லாம் யானைப் பேச்சுதான். ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரல் 29 அன்று இங்கேதான் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றிப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்போது பேசப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது சிலேட்டுப் பிடிக்கிறார்கள்.

ஆனால் எழுதப் பழகுகிற கைக்கு யானை பொல்லாத சொல். வாய் ‘ன’வைச் சொல்லிவிட்டு ஐகாரத்துக்குப் போகிறது, கையோ ஐகாரக் குறியை முதலில் போட்டுவிட்டுத்தான் ‘ன’வுக்கு வர வேண்டும். போதாததற்கு, தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் யானை என்று சொல்வதில்லை. ஆன. மழை அங்கே மழ, இலை எல.

நான் போய் உட்கார்ந்த தமிழ்வழி வகுப்பில் டீச்சர் அந்த ஆசையைத் தட்டவும் இல்லை, உடனே கொடுத்துவிடவும் இல்லை. கரும்பலகையின் மூலையில் யானை என்று எழுதி, பக்கத்தில் படமும் போட்டு அப்படியே விட்டிருந்தார். பாடம் மட்டும் வேறெங்கோ நடந்தது.

“டவும் பவும் வெறும் கோடு சார். கோடு போடத் தெரிஞ்ச கை எழுதிரும். அதோட ஒரு காலு, ஒரு புள்ளி. பட்டா வந்துரும்” என்றார்.

எனக்கு வயது வந்தோருக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கம் நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை கிராமங்களில் பெரியவர்களும் பட்டா, படி என்றுதான் தொடங்கினார்கள். நிலமில்லாதவர்களுக்குப் பட்டா எத்தனை கனமான சொல்! ஆறு வயதுக்கு அந்தக் கனம் தெரியாது. ஆகவே இவர் படம், பட்டம், மடம் என்று ‘ம’வைச் சேர்த்துக்கொண்டு போகிறார்.

சிக்கல் உகரத்தில். தமிழில் கு ஒரு மாதிரி வளைகிறது, பு கீழே கோடு இழுக்கிறது, துவுக்கு வால் வேறு திசையில் போகிறது. ஆடு, மாடு, காடு, வீடு என்று பிள்ளைக்கு நெருக்கமான சொற்களில் பாதி உகரத்தில்தான் முடிகின்றன. மலையாளத்திலும் ஒரு காலத்தில் இதே தொல்லை இருந்தது. 1971 எழுத்துச் சீர்திருத்தம் உகரக் குறியைத் தனியே பிரித்து, எல்லா எழுத்துக்கும் பொதுவாக வலப்பக்கம் வைத்தது. நம்மவர்கள் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் ஆறு வயதுக் கைகளுக்குப் பெரிய உபகாரம் என்றே நினைக்கிறேன். தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம்.

இந்த மலைப் பிள்ளைகளுக்கு மலையாளமும் எழுத வர வேண்டும். பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கும் கேரளச் சட்டம் 2017இல் வந்தது. அதனால் பிழைகளும் இரட்டைப் பிறவி எடுக்கின்றன. ஒரு சிறுமி ‘அம்ம’ என்று எழுதியிருந்தாள். கால் போடச் சோம்பல் என்று நினைத்தேன். டீச்சர் சிரித்தார்: “மலையாளத்துல அம்ம குறில்லதான் சார் முடியும். அதைக் கேட்டு எழுதியிருக்கா. காது நல்லா வேலை செய்யுது.” ‘ஆன’வும் அப்படித்தான். மலையாளத்தில் அது திருத்தமான எழுத்து. அதற்கு அவர் பெருக்கல் குறி போடுவதில்லை. பக்கத்தில் யானை என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறார்.

ஜூன் மழையில் நோட்டுத் தாள் நமுத்துக்கிடக்கிறது, பென்சில் கீறினால் கிழிகிறது. அதனால் டீச்சர் ஒரு தட்டில் மணல் வைத்திருக்கிறார். அதை அடுப்படியில் வறுத்துக் கொண்டுவருவது ஆயாவின் வேலை. மணலில் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய வித்தை. சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதைக் கண்டு வியந்து தம் பள்ளியிலும் நடத்தி, 1797இல் லண்டனில் அறிக்கையாக அச்சிட்டார். அங்கே அதற்கு ‘மதராஸ் முறை’ என்று பேர் வந்தது. மணலில் பிழைக்குத் தடயம் கிடையாது. அழிரப்பரைத் தேய்த்துத் தேய்த்துத் தாளை ஓட்டை போடும் குழந்தைக்கு அது எத்தனை நிம்மதி!

தாய்மார்கள் காலையிலேயே கொழுந்தெடுக்கப் போய்விடுவதால் வீட்டுப்பாடம் பாட்டிகளின் பொறுப்பு. ஒரு பையனின் நோட்டில் ‘னை’யின் தலையில் தும்பிக்கை முளைத்திருந்தது. தமிழ்நாட்டில் 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் எழுத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை நால்வரும் இழந்த அதே தும்பிக்கை. பாட்டி படித்தது அதற்கு முன்பு. வகுப்பே அந்த எழுத்தைப் பார்க்கக் கூடிவிட்டது. யானைக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து உண்டா என்ன? “பாட்டி எழுதினது தப்பில்லடா, பழசு” என்று சொல்லி, புதியதை அதன் கீழே எழுதிக் காட்டினார் டீச்சர். பையனுக்கு மனசே இல்லை.

யானைக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். பானை வழியாக என்றார். பவும் காலும் முன்பே தெரியும். ‘னை’யை மணலில் பழக்கினால் பானை வந்துவிடும். அன்று மதியத்துக்குள் பாதிப் பேர் பானையை எழுதிவிட்டார்கள். மூன்று பேர் ஐகாரக் குறியை ‘ன’வுக்குப் பின்னால் வைத்தார்கள். முதல் எழுத்தை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. ‘ய’வைத் திங்கட்கிழமைக்கு வைத்திருக்கிறார்.