நீக்கிய புள்ளிகள்

புதிதாக ஒரு கேலக்ஸியின் தரவைத் திறந்ததும் நான் எதையும் அளக்கத் தொடங்குவதில்லை. அரை மணி நேரமாவது சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். திரையில் விரியும் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு முழு நிறமாலை இருக்கிறது. நடுவில் ஒரு புள்ளியைத் தொட்டால் முதிய விண்மீன்களின் ஒளி, இருண்ட வரிகளோடு எழும். சுருள்கரம் ஒன்றைத் தொட்டால் 6563 ஆங்ஸ்ட்ராமில் ஹைட்ரஜனின் சிவப்பு வரி ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும். ஹைட்ரஜன் ஆல்ஃபா என்று அதற்குப் பெயர். சுருள்கரத்தில் அந்த ஊசி நிமிர்ந்தால் அங்கே விண்மீன்கள் அண்மையில் பிறந்திருக்கின்றன என்று பொருள். சுற்றியுள்ள வாயுவை அப்படி ஒளிரவைக்கும் பெரிய விண்மீன்களின் ஆயுள் சுமார் ஒரு கோடி ஆண்டுதான்.

நான் அதிகம் புழங்குவது ‘மாங்கா’ என்ற ஆய்வின் தரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள அப்பாச்சி பாயிண்ட் வானாய்வகத்தின் 2.5 மீட்டர் தொலைநோக்கி, 2014 முதல் 2020 வரை சுமார் 10,000 கேலக்ஸிகளை இப்படிப் புள்ளி புள்ளியாகப் பிரித்துப் பதிந்தது. ஒரு கற்றைக்கு 19 முதல் 127 ஒளியிழைகள். துளையிட்ட அலுமினியத் தகடுகளில் அவற்றை ஆட்கள் பகலில் கையாலேயே செருகி வைத்தார்கள். ஒவ்வொரு தரவுக்கும் பின்னால் அந்தக் கைகள் இருப்பதை நான் மறப்பதில்லை.

ஒவ்வொரு புள்ளியிலும் நாங்கள் தேடுவது இரண்டு எண்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் விண்மீன்களின் நிறை எவ்வளவு? அங்கே ஆண்டுக்கு எவ்வளவு நிறை புதிய விண்மீன்களாகிறது? நிறை மிகுந்த கேலக்ஸியில் அதிக விண்மீன்கள் பிறக்கும் என்பது 2007-லேயே நன்கு நிலைபெற்ற செய்தி. வானியலாளர்கள் அந்த உறவை ‘முதன்மைத் தொடர்’ என்றே அழைக்கிறார்கள். அதே உறவு ஒரே கேலக்ஸிக்குள், சில ஆயிரம் ஒளியாண்டு அகலமுள்ள பகுதிகளிலும் நிலவுகிறது என்பது அதன் பிறகு தெரிந்தது. நிறை அடர்த்தி பத்து மடங்கானால் பிறப்பு ஐந்து முதல் பத்து மடங்காகிறது. வரைபடத்தில் இந்த உறவு ஒரு கோடாக விழும்; பெரும்பாலான புள்ளிகள் அந்தக் கோட்டுக்கு இரண்டு மடங்கு மேலோ கீழோ அடங்கிவிடுகின்றன.

ஐந்தா பத்தா என்பதை இயற்கை மட்டும் முடிவு செய்வதில்லை. அளப்பவரின் கைக்கும் அதில் பங்குண்டு. அதை நான் கற்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் பாடம் தூசு. தூசு நீல ஒளியை அதிகம் விழுங்கும், சிவப்பைக் குறைவாக. தூசே இல்லாவிட்டால் ஹைட்ரஜனின் சிவப்பு வரி, ஹைட்ரஜன் பீட்டா என்ற 4861 ஆங்ஸ்ட்ராம் வரியைப்போல் 2.86 மடங்கு வலுவாக இருக்கும். விகிதம் அதற்கு மேல் போனால் மறைந்த ஒளியைக் கணக்கிட்டு மீட்கலாம். ஆனால் பீட்டா வரி இருக்க வேண்டிய அதே இடத்தில் முதிய விண்மீன்கள் ஒரு பள்ளம் வைத்திருக்கின்றன. அந்தப் பள்ளத்தை முதலில் நிரப்பிக் கழிக்காமல் நான் அளந்தேன். பீட்டா குறைந்து தெரிந்தது, விகிதம் ஏறியது, இல்லாத தூசுக்காக ஒளியைக் கூட்டினேன். விண்மீன் பிறக்காத நடுப்பகுதியில் பிறப்பு பெருகிக் கிடந்தது. பிழையைக் கண்டுபிடித்த பிறகு மூன்று மாத வேலையை அடியிலிருந்து செய்தேன்.

இரண்டாம் பாடம் இன்னும் ஆழமானது. ஹைட்ரஜன் வரி தெரியும் இடமெல்லாம் பிறப்பிடம் ஆகாது. கருந்துளையின் சூட்டிலும் வாயு ஒளிரும். வெளியுறையை உதிர்த்துவிட்ட முதிய விண்மீன்களின் வெப்பத்திலும் மங்கலாக ஒளிரும். நைட்ரஜன், ஆக்சிஜன் வரிகளை ஹைட்ரஜனோடு ஒப்பிட்டு இவற்றைப் பிரிக்கும் முறையை பால்ட்வின், ஃபிலிப்ஸ், டெர்லெவிச் மூவரும் 1981-இல் தந்தார்கள். நானும் அப்படியே பிரித்து, ஐயமுள்ளவற்றையும் வரி தெரியாதவற்றையும் நீக்கினேன். கோடு அழகாக ஒடுங்கி வந்தது. வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“கோடு நல்லா வந்திருக்குப்பா. நீக்கினதையெல்லாம் எங்கே வெச்சிருக்கே?”

எங்கும் வைக்கவில்லை. அன்று மாலை அவற்றைத் திரும்ப எடுத்து வரைபடத்தில் இட்டேன். நிறை மிகுந்த நடுப்பகுதிகள் கோட்டுக்கு வெகு கீழே ஒரு மேகமாகக் குவிந்தன. விண்மீன்கள் நெருங்கிக் கிடந்தும் பிறப்பு ஏறக்குறைய நின்றுபோன இடங்கள் அவை. என் கோட்டின் அழகில் ஒரு பகுதி, அவற்றைப் பார்க்க மறுத்ததால் வந்தது.

அந்த மேகம்தான் என்னை வாயுவிடம் கொண்டுசென்றது. சிலியின் அட்டகாமா பாலைவனத்து அல்மா வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு, மாங்கா கேலக்ஸிகளில் 46-ஐ ‘அல்மாக்வெஸ்ட்’ ஆய்வு திரும்ப நோக்கி, குளிர்ந்த மூலக்கூறு வாயுவை அளந்தது. விண்மீன் நிறை மிகுந்த இடத்தில் வாயு மிகும். வாயு மிகுந்த இடத்தில் பிறப்பு மிகும். இவ்விரு உறவுகளும் நெருக்கமானவை. நான் காதலித்த கோடு இவ்விரண்டும் சேர்ந்ததால் விழுந்த நிழல். விண்மீன்களின் எடை கேலக்ஸியின் தட்டில் உள்ள வாயுவை அழுத்தி மூலக்கூறாக இறுகச் செய்கிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் அழுத்துவதற்கு வாயு இருந்தாக வேண்டும்.

நம் அண்டையிலேயே இதற்குச் சான்று உண்டு. எம்33 கேலக்ஸியின் விண்மீன் நிறை ஆந்த்ரோமீடாவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் பிறப்பில் அது பெரியவளுக்குச் சளைக்கவில்லை. அதன் தட்டு முழுக்க வாயு பரவியிருக்கிறது. ஆந்த்ரோமீடாவிலோ பிறப்பு பெரும்பாலும் மையத்திலிருந்து சுமார் 33,000 ஒளியாண்டு தள்ளியுள்ள ஒரு வளையத்தில் நடக்கிறது. விண்மீன்கள் மிக அடர்ந்த நடுப்பகுதி ஏறக்குறைய ஓய்ந்துகிடக்கிறது.

இப்போதெல்லாம் கோடு வரைந்த தாளோடு நீக்கிய புள்ளிகளின் படத்தையும் சேர்த்தே வைக்கிறேன். என்னிடம் பயில்பவர்களிடமும் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

நவம்பர் இரவுகளில், விளக்கில்லாத இடத்தில் நின்றால் வடவானில் ஆந்த்ரோமீடா வெறுங்கண்ணுக்கே தெரியும், ஒரு மங்கிய வெண்திட்டாக. வளையம் அதில் தெரியாது. கண்ணுக்கு எட்டுவது பிறப்பு ஓய்ந்த அந்த நடுப்பகுதிதான். என் முதல் வரைபடத்திலிருந்து நான் தூக்கி எறிந்தவை அத்தகைய இடங்களே.