ஒரு ரூபாய் பிடிக்காத பெட்டி

நிலக்கடலைக்குக் களை எடுத்து முடிச்ச கையோட, அசோக் நகர்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா தொண்ணூறுகள்ல உதயம் தியேட்டர் பக்கம் வீடியோ கேம் கடை வச்சிருந்தவர். அதுல மிஞ்சினது ஒரே ஒரு பெட்டி. மாடிப்படிக்குக் கீழே கிடக்கு. வீட்டுக்காரர் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டதால மறுநாள் பழைய இரும்புக்காரர் வர்றதா ஏற்பாடு.

மாமாவுக்குப் பக்கவாதத்துல வலது கை விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு. "மாப்ள, ஒரு தடவை போட்டுப் பாத்துடுவோம். நீதான் கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டரையே பிரிச்சு மேயறவனாச்சே" என்றார். நாற்காலி போட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்துட்டார். வாய் அவருது, கை என்னுது.

பின்கதவைத் திறந்தா ஒட்டடையும் பல்லி முட்டையும். தட்டிவிட்டு கரண்ட் கொடுத்தோம். திரை முழுக்கக் கோடு. "போர்டு போச்சு போல மாமா" என்றேன்.

"அவசரப்படாத. அஞ்சு வோல்ட் இருக்கா பாரு."

பவர் சப்ளையில மீட்டர் வச்சா சரியா 5. போர்டுல வச்சா 4.5. எங்க ஊர் லைன்ல கடைசிக் கிணத்து மோட்டார் வோல்ட்டேஜ் பத்தாம உறுமுமே, அதே கதைதான். போர்டைச் செருகுற விளிம்புல பக்கத்துக்கு 28 பட்டை, எல்லாம் கறுத்துக் கிடந்தது. ஸ்விட்சை அணைச்சு, போர்டை உருவி, பென்சில் ரப்பரால தேய்ச்சேன். (பிக்சர் டியூப் பக்கம் மட்டும் கை வைக்கவே கூடாது. அணைச்ச பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் அதுல தங்கியிருக்கும்.) திரும்பச் செருகினதும் 4.9. கேப்காம் கம்பெனியோட 1991 ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பளிச்சுன்னு வந்து நின்னுது.

அடுத்த வம்பு காசு. பையில இருந்த ஒரு ரூபாயைப் போட்டா கடகடன்னு கீழ்க் கிண்ணத்துல வந்து விழுது. சுவிட்சு, ஒயரு எல்லாம் நோண்டிப் பார்த்துட்டேன். மாமா சிரிக்கிறார். "பெட்டி சரியாத்தான் இருக்கு. காசுதான் சின்னதாயிடுச்சு." உள்ளே ஒரு சின்னத் தராசு மாதிரி இருக்கு. சரியான அகலக் காசு விழுந்தாத்தான் தாங்கிச் சாயும். அந்தக் காலத்து எவர்சில்வர் ரூபாய் 25 மில்லிமீட்டர். 2011-க்கு அப்புறம் வந்தது 22 தான். இடுக்குல நழுவிடுது. 1992-ல எவர்சில்வர் ரூபாய் வந்தப்பவும் இதே தலைவலியாம். கள்ளக் காசைப் பிடிக்க உள்ளே வச்சிருந்த காந்தம் நல்ல காசையே பிடிச்சுக்கிச்சாம். கழட்டி எறிஞ்சிருக்கார்.

அக்கா ஒண்ணும் பேசாம பூஜை அறைக்குப் போய் உண்டியலைக் கொட்டினாங்க. மொய்யில வந்த ஒத்த ரூபாய்ங்க அதுல கிடந்தது. பழசா ஒண்ணு எடுத்துப் போட்டேன். உள்ளே டக்குன்னு ஒரு சத்தம். திரையில கிரெடிட் 1.

ஸ்டிக் இடது கைப் பக்கம்தான் இருக்கு. அதை மாமா பிடிச்சுக்கிட்டார், பட்டனை நான் தட்டினேன். முதல் ரவுண்டுலயே உதை வாங்கினோம். "நீ லேட்டா தட்டுற மாப்ள"ன்னு ஒரே திட்டு.

அக்கா இரும்புக்காரருக்குப் போன் பண்ண உள்ளே போனாங்க. பெட்டி இப்போ ஹால்ல, டிவி பக்கத்துல. சத்தம் இன்னும் வரலை. அடுத்த தடவை போறப்ப வீட்டுல கிடக்கிற பழைய ஸ்பீக்கரை எடுத்துட்டுப் போகணும்.